அறுபது கிலோ இருக்கட்டும், இரண்டரை கிலோ தூக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயது ஏற ஏறத் தசை கரைகிறது, வாரத்தில் இரண்டு நாளாவது எடைப் பயிற்சி செய்யுங்கள் என்று நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்கள் இப்போது அடிக்கடி எழுதுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு ஒரு ஜிம் மெஷின் வாங்கவோ, பட்டறையில் சொல்லிச் செய்யவோ கிளம்புகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ வரை தூக்கும்?" என்பதுதான். விற்பவரும் அதற்கேற்ப நூறு, நூற்றைம்பது என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்.

கடலூர், புதுச்சேரி வீடுகளில் இந்த இயந்திரங்கள் துணி காயப்போடும் கொடியாக மாறுவது உச்ச எடை போதாமல் அல்ல. ஆரம்ப எடையே அதிகம், உராய்வு அதிகம், இழுத்தால் சட்டம் ஆடுகிறது, இரண்டு மழைக்காலத்தில் உப்புக்காற்று, தகடுகள் ஏறி இறங்கும் ராடையும் கயிற்றையும் தின்றுவிடுகிறது. பெரும்பாலும் இவற்றில் ஒன்று. எல்லாமே உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்யக்கூடியவை. ஈரத்துணியைப் போட்டால் துரு இன்னும் சீக்கிரம் வரும் என்பது வேறு விஷயம்.

ஆரம்ப எடையிலிருந்து வருகிறோம். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் தோள்பட்டைப் பயிற்சியைத் தொடங்க வேண்டிய எடை இரண்டு, இரண்டரை கிலோ. கடையில் நிற்கும் இயந்திரங்களில் எடையைத் தேர்ந்தெடுக்கும் ஊசியே போடாமல் வெறுமனே இழுத்தாலும் உச்சியில் உள்ள தலைத்தகடு, அதிலிருந்து தகடுகளுக்குள் இறங்கும் நடுத்தண்டு எல்லாம் சேர்ந்து ஐந்து முதல் ஏழு கிலோ வந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு படியும் ஐந்து கிலோ. ஐந்திலிருந்து பத்து என்றால் ஒரே தாவலில் இரட்டிப்பு. அதோடு அந்த அம்மா நிறுத்திவிடுவார், இயந்திரம் கொடியாகிவிடும்.

இதற்குப் பழைய கிணற்றடிக் கணக்கே போதும்: நகரும் கப்பி. கயிற்றின் ஒரு முனையை மேல் சட்டத்தில் கட்டி, எடைத்தட்டுகளின் தலையில் உள்ள கப்பிக்கு அடியில் செலுத்தி, மறுபடி மேலே ஏற்றிக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தால் கையில் விழுவது பாதி எடை. தலைத்தகடும் கப்பியும் தண்டும் சேர்ந்து 5 கிலோ என்றால் கையில் 2.5. அடுத்த 5 கிலோ தகடு ஒவ்வொன்றும் கையில் 2.5 கிலோ படி. 12 தகடு வைத்தால் கையில் 32.5 கிலோ வரை போகும். வீட்டுக்கு இது தாராளம். கை 90 செ.மீ. இழுத்தால் தகடுகள் 45 செ.மீ.தான் ஏறும் என்பதால் உயரமும் மிச்சம். இன்னொரு லாபம் பலருக்குத் தெரியாது. கையை வெடுக்கென்று இழுத்தாலும் தகடுகள் பாதி வேகத்தில்தான் கிளம்புகின்றன, அதனால் எகிறி விழும் குணம் பாதியாகக் குறைகிறது. அதிர்ச்சி தாங்காத மூட்டுகளுக்கு இதைவிட மலிவான உதவி இல்லை.

தகட்டை எதில் செய்வது? சிமென்ட்டில் வார்த்தால் செலவு குறையும் என்று யோசனை சொல்வார்கள். வார்ப்பிரும்பின் அடர்த்தி சுமார் 7.2, கான்கிரீட்டுக்கு 2.4. அதே அகலத்துக்கு மூன்று மடங்கு தடிமன். இரும்பில் கால் மீட்டர் உயரத்தில் முடிகிற அடுக்கு, கான்கிரீட்டில் முக்கால் மீட்டரைத் தாண்டும். சின்ன இயந்திரம் என்ற பேச்சே போய்விடும். 20 மி.மீ. இரும்புத் தகட்டை 300-க்கு 110 மி.மீ. அளவில் கேஸ் கட்டிங்கில் வெட்டி, ராடுக்கு இரண்டு 28 மி.மீ. துளையும் நடுத்தண்டுக்கு ஒரு 26 மி.மீ. துளையும், பக்கத்திலிருந்து ஊசிக்கு 10 மி.மீ. துளையும் போட்டால் ஒரு தகடு ஏறக்குறைய 4.9 கிலோ. மாடிக்கு ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகலாம். வெட்டின விளிம்பைக் கிரைண்டரில் மழுக்காமல் விட்டால் தகடும் தகடும் ஒட்டிக்கொண்டு, ஊசிக்குக் கீழே உள்ளதும் கூடவே கொஞ்சம் ஏறிப் பிறகு தொப்பென்று விழும். இந்தச் சத்தத்துக்காகவே கீழ்வீட்டாரோடு சண்டை வருகிறது. அடியில் 10 மி.மீ. ரப்பர் போடுங்கள்.

அடுத்தது உராய்வு. இதைச் சோதிக்க பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று போதும். கைப்பிடியைக் கழற்றித் தராசின் கொக்கியை மாட்டுங்கள். மிக மெதுவாக இழுத்துக்கொண்டே அளவைப் பாருங்கள். அதே மெதுவில் இறக்கிக்கொண்டே பாருங்கள். ஏறும்போது 11.5, இறங்கும்போது 8.5 என்றால் உண்மை எடை 10, உராய்வு 1.5. அதாவது நூற்றுக்குப் பதினைந்து. இது அதிகம். பத்துக்குள் வந்தால் நல்ல வேலை. உராய்வு உள்ள இயந்திரம் தூக்கும்போது கடினமாகவும் இறக்கும்போது லேசாகவும் இருக்கும். தசைக்குப் பலன் தரும் வேலையில் பெரிய பங்கு மெதுவாக இறக்குவதில் இருக்கிறது. உராய்வு திருடுவது சரியாக அந்தப் பங்கைத்தான்.

உராய்வு வரும் இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று கப்பி. பேரிங் இல்லாமல் வெறும் புஷ் (உள்வளையம்) போட்ட பிளாஸ்டிக் கப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, இருபக்கமும் ரப்பர் மூடிய 6200 பேரிங் போட்ட கப்பி வையுங்கள். அது 10 மி.மீ. போல்ட்டுக்குச் சரியாக உட்காரும். கப்பியின் விட்டம் 90 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஐம்பது மி.மீ. கப்பி இடத்தை மிச்சம் பிடிப்பதுபோல் தெரியும். கம்பிக் கயிற்றைக் கொன்றுவிடும். அதைப் பிறகு சொல்கிறோம்.

இரண்டாவது இடம், வழிகாட்டும் இரண்டு ராடுகள். மேலேயும் கீழேயும் ராடுகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் நடுவழியில் பிடிக்கும். வெல்டிங் சூட்டில் சட்டம் இழுத்துக்கொள்வதால் இது சாதாரணமாக நடக்கிறது. ராடு உட்காரும் தகடுகளை வெல்டு வைக்காமல் நீள்துளையில் போல்ட் போட்டுப் பிடித்து, தகடுகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு இறுக்குவதே புத்திசாலித்தனம். புஷ் தலைத்தகட்டுக்கு மட்டும் போதும். மற்றவை தொளதொளவென்று இருக்கலாம். நம் ஊருக்கு ஒரு தனி எச்சரிக்கை: லேத்தில் எல்லாரும் நைலானில்தான் புஷ் கடைந்து தருவார்கள். நைலான் ஈரத்தைக் குடித்து உப்பும். சித்திரையில் சரியாக ஓடுகிற புஷ் ஐப்பசி மழையில் ராடைக் கவ்விப் பிடிக்கும். டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்குங்கள், அது ஈரம் இழுப்பது மிகக் குறைவு. அதற்கும் 0.3 முதல் 0.5 மி.மீ. இடைவெளி விட வேண்டும்.

இனி கயிறு. பயிற்சி இயந்திரங்களில் வழக்கமாகப் போடுவது 4.8 மி.மீ. கம்பிக் கயிறு, ஏழு புரி, புரிக்கு 19 இழை, மேலே நைலான் உறை. புதிதாக இருக்கும்போது அறுபடும் பளு சுமார் 1,900 கிலோ. 32 கிலோவுக்கு இது எதற்கு என்று தோன்றும். கயிறு பளுவால் அறுவதில்லை. வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து இழை இழையாக அறுகிறது. 90 மி.மீ. கப்பியில் கயிறு தன் தடிமனைப்போல் 19 மடங்கு விட்டத்தில் வளைகிறது, 50 மி.மீ. கப்பியில் பத்து மடங்கில் மடங்குகிறது. சின்னக் கப்பி போட்ட இயந்திரங்களில் கயிறு சீக்கிரம் போவது இதனால்தான்.

அறும் இடம் பெரும்பாலும் முனை. நைலான் உறையை உரிக்காமல் அதன் மேலேயே ஸ்லீவை (மடித்த முனையைப் பிடிக்கும் உலோகக் குழலை) போட்டு நசுக்குகிறார்கள். நைலான் வழுக்கும், பிடி கம்பியில் இல்லை. ஒருநாள் முனை உருவிக்கொண்டு வந்து, இழுத்துக்கொண்டிருப்பவர் மல்லாக்க விழுவார். ஸ்லீவ் உட்காரும் நீளத்துக்கு உறையை உரித்து, வளையத்துக்குள் கயிறு நசுங்காமல் காக்கும் திம்பிள் வைத்து, கை அழுத்தியால் இரண்டு மூன்று இடத்தில் நசுக்க வேண்டும். சுத்தியால் அடித்து நசுக்கியது கணக்கில் சேராது. ஜிங்க் பூசிய கயிற்றுக்கு அலுமினிய ஸ்லீவ் சரி. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கயிற்றுக்குச் செம்பு ஸ்லீவ்தான். அலுமினியம் போட்டால் உப்புக்காற்றில் அது அரித்துப் பொடியாகும். தற்காலிகமாக யு கிளாம்ப் போட்டே தீர வேண்டுமென்றால் மூன்று போடுங்கள், பளு தாங்கும் கயிற்றின் பக்கம் அடிக்கட்டை, வால் பக்கம் யு. தலைகீழாகப் போட்டால் யு வளைவு பளு தாங்கும் கயிற்றையே கடித்துவிடும்.

கடலோரம் என்பதால் கயிற்றையும் எஸ்.எஸ்.ஸில் வாங்கலாமா என்று கேட்பார்கள். துரு பிடிக்காது, உண்மை. ஆனால் வளைந்து நிமிரும் வேலையில் ஜிங்க் பூசியதைவிட எஸ்.எஸ். சீக்கிரம் களைக்கும். உறை போட்ட ஜிங்க் கயிற்றையே போட்டு, முனையில் உறை முடியும் இடத்தில் கிரீஸ் தடவி ரப்பர் உறை சுற்றுவது எங்கள் தேர்வு. தண்ணீர் உள்ளே நுழையும் வாசல் அந்த இடம்தான். உறையில் வெடிப்பு, வீக்கம், ஸ்லீவ் பக்கத்தில் பழுப்புக் கறை, இவற்றில் எது தெரிந்தாலும் கயிறு முடிந்தது. ஒன்றும் தெரியாவிட்டாலும் வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலைப் பார்த்த வீடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஊசி தொலைந்துபோனால் கையில் கிடைத்த போல்ட்டைச் செருகுவதும் வேண்டாம். அதிர்வில் நழுவி வரும். காந்தத் தலை உள்ள ஊசியே வாங்குங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பயிற்சி முடிந்ததும் ஊசியை உருவி அலமாரியில் வையுங்கள். தகடுகள் ஓடும் பகுதிக்கு முன்னாலும் பக்கத்திலும் துளைத்தகடு மறைப்பு கட்டாயம். மறைக்க முடியாத நகரும் பாகங்கள் நெருங்கி வரும் இடத்தில் குறைந்தது 25 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். விரல் நசுங்காமல் தப்ப இயந்திரப் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் அளவு அது.

சட்டம் கவிழுமா என்பதைக் கடையில் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்ப்போம். சட்டம் 50 கிலோ, தகடுகள் 65, மொத்தம் 115. எடையின் மையம் முன்காலிலிருந்து 30 செ.மீ. உள்ளே. கவிழாமல் பிடித்து வைப்பது 115 பெருக்கல் 0.30, அதாவது 34.5. இப்போது 1.7 மீட்டர் உயரத்தில் உள்ள கப்பியிலிருந்து ஒருவர் எதிரே நின்று 25 கிலோ விசையில் கிடையாக இழுக்கிறார்: 25 பெருக்கல் 1.7, 42.5. கவிழும். தரையை ஒட்டி 30 செ.மீ. உயரத்தில் அதே விசையில் துடுப்புப் பயிற்சி செய்தால் 7.5 மட்டும், அசையாது. சட்டத்தோடு இணைத்த இருக்கையில் உட்கார்ந்து, தொடைக்கு மேல் பஞ்சுக்கட்டை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே இழுத்தாலும் பயமில்லை. விசை சட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொள்கிறது, ஆள் எடையும் கூடுதல் பாரம். ஆக, நின்று முன்னோக்கி இழுக்கும் பயிற்சி வேண்டுமென்றால் சுவரில் பிடித்தே ஆக வேண்டும்.

1.9 மீட்டர் உயரத்தில் இரண்டு 10 மி.மீ. ஆங்கர் போல்ட் போதும். சட்டத்தின் பாரத்தையும் தகடுகளின் பாரத்தையும் நம்பாமல் கணக்கிட்டாலும் சுவர் தாங்க வேண்டியது 22 கிலோதான், வெடுக்கென இழுத்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. கான்கிரீட் தூணிலும் நல்ல செங்கல் சுவரிலும் இது ஒன்றுமே இல்லை. ஆனால் புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர். விரியும் ஆங்கர் அதற்குள் விரிந்தால் செங்கல் தெறிக்கும். அங்கே சுவரைத் துளைத்து மறுபக்கம் 6 மி.மீ. தகடு வைத்து முழுநீள போல்ட் போடுங்கள். மெட்ராஸ் ஒட்டு மேல்தளத்தில் எதையும் தொங்கவிட வேண்டாம். மரக்கட்டைகளுக்கு நடுவே உள்ளது நெட்டாக அடுக்கிய சின்னச் செங்கல், போல்ட் பிடிக்க இடமே இல்லை. வாடகை வீடு, சுவரைத் தொடக் கூடாது என்றால் முன்காலை இன்னும் 30 செ.மீ. நீட்டுங்கள், முன்னோக்கி நின்று இழுக்கும் பயிற்சியை விட்டுவிடுங்கள். சட்டத்தின் உயரம் 2 மீட்டர், மிஞ்சினால் 2.1. தொங்கும் கம்பி வைத்து உடலைத் தூக்கும் பயிற்சியும் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள், சீலிங் ஃபேன் எங்கே சுற்றுகிறது என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

செங்குத்துச் சட்டத்துக்கு 50-க்கு 50 ஸ்கொயர் பைப், 3 மி.மீ. கனம், மீட்டருக்கு நாலேகால் கிலோ நிற்கும். தராசில் வைத்துப் பார்த்தால் 1.6 மி.மீ. பைப்பை 3 என்று சொல்லி யாரும் தள்ளிவிட முடியாது. பைப்பின் குறுக்கே போல்ட் போகும் இடத்தில் உள்ளே ஒரு குழாய்த்துண்டை புஷ்ஷாக வைத்து வெல்டு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பைப்பின் சுவர் உள்ளே வளையும். வளைந்த சுவர் போல்ட்டைப் பிடிக்காது. மாதம் ஒருமுறை ஸ்பானரோடு அலைய வேண்டியதுதான். ஆடுகிற சட்டங்களில் பாதிக்கு மேல் இதுவே காரணம் என்பது எங்கள் கணிப்பு. போல்ட் 8.8 கிரேடு, நட்டு நைலாக் (தானாகக் கழலாத நைலான் வளைய நட்டு).

இருக்கை விஷயத்தில் வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அளவெடுப்பது நம்மவர்களுக்குப் பொருந்தாது. பாதம் முழுவதும் தரையில் பதியாத இருக்கையில் முதுகுதான் வேலை செய்யும். 38 செ.மீ. உயரத்தில் தொடங்கி 2.5 செ.மீ. இடைவெளியில் துளைகள் வேண்டும். கைப்பிடி 28 மி.மீ. விட்டம், 32 என்பது பெரிய கைகளுக்கு.

துரு பற்றி. பைப்பின் வெளிப்பக்கத்தை விட உட்பக்கம்தான் முதலில் போகிறது. பிளாஸ்டிக் மூடிக்குள் இறங்கிய ஈரம் வெளியே வர வழியில்லை. முனைகளைத் தகடு வைத்து முழுக்க வெல்டு அடைத்துவிடுங்கள், அல்லது மிகத் தாழ்ந்த இடத்தில் 6 மி.மீ. துளை விடுங்கள். இரண்டில் ஒன்று. பவுடர் கோட்டிங் மட்டும் போதாது. பாஸ்பேட் குளியல் முடிந்ததும் ஜிங்க் பிரைமர், அதன்மேல் 60 முதல் 80 மைக்ரான் பவுடர். கூர்மையான விளிம்பில் பவுடர் நிற்காது, துரு அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே விளிம்பை உருட்டிவிட்டே அனுப்புங்கள். ஜி.ஐ. பைப்பில் வெல்டு செய்வதாக இருந்தால் அந்த இடத்து ஜிங்கைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஜிங்க் எரியும் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொடுக்கும். ராடுக்கு அலங்காரக் குரோம் பூச்சு வேண்டாம், ஹார்டு குரோம். அதையும் வாரம் ஒருமுறை துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும், அடுத்து தென்பெண்ணை கரைமீறியபோதும் இங்கே ஏராளமான வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அப்படி மூழ்கி எழுந்த இயந்திரத்தில் பேரிங்கைத் துடைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் அலசிக் காயவைத்து, கீழ்க்கப்பிகளின் பேரிங்கையும் கயிறு முழுவதையும் மாற்றுங்கள். இரண்டும் மலிவான பாகங்கள்.

தகடே இல்லாமல் மோட்டாரால் எதிர்விசை தரும் சிறிய பெட்டி இயந்திரங்கள் இப்போது விளம்பரங்களில் வருகின்றன. யோசனை நல்லது, இடம் மிக மிகக் குறைவு. பலர் பழைய பேலன்ஸ் வண்டியின் (ஹோவர்போர்டு) சக்கர மோட்டாரை வைத்துச் சொந்தமாகவும் முயல்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நாம் இழுக்கும்போது அந்த மோட்டார் ஜெனரேட்டராகிறது. 20 கிலோ விசையை விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுத்தால் சுமார் 100 வாட் உள்ளே போகிறது. அதைச் சூடாக்கிக் கரைக்க ஒரு பிரேக் ரெசிஸ்டர் வைக்காவிட்டால் மின்னழுத்தம் ஏறி, மோட்டாரை இயக்கும் மின்சுற்றான டிரைவர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அந்த நொடியில் கயிற்றில் விசை பூஜ்யம். முழுபலத்தில் பின்னால் சாய்ந்திருப்பவர் நேராகத் தரையில். கரண்ட் போனாலும் இதே கதை, மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்ட் போகாத வாரம் எது? டிரைவர் நின்றதும் மோட்டாரின் மூன்று வயரும் ஒன்றோடொன்று ரிலேயால் சேரும்படி செய்தால், விசை சட்டென்று அறாமல் இழுவையாகத் தேயும். வாங்குகிறவர்கள் பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள், குறைந்த எடையில்.

ஹைட்ராலிக் சிலிண்டர் வைத்தவை நாம் தள்ளும்போதோ இழுக்கும்போதோ மட்டும் எதிர்க்கும், இறக்கும் வேலை அவற்றில் கிடையாது. ரப்பர் பட்டை மலிவு. வெயிலும் கடற்காற்றும் படும் வராந்தாவில் வைத்தால் வெடிப்பு விடும், நீட்டும்முன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 1970இல் அமெரிக்காவில் ஆர்தர் ஜோன்ஸ் கொண்டுவந்த நாட்டிலஸ் இயந்திரங்களின் சங்கு வடிவ வட்டைப் போல, கோணத்துக்குக் கோணம் எடையை மாற்றித் தரும் ஏற்பாட்டை வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே மூட்டுக்கான தனி இயந்திரத்துக்கு அது அழகு. மேல் கப்பி, கீழ்க் கப்பி, ஓர் இருக்கை என்று எட்டுக்குப் பத்தடி அறையில் அடங்க வேண்டிய இயந்திரத்துக்கு வட்டக் கப்பியே போதும்.

பயிற்சி இயந்திரங்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 20957 என்ற சர்வதேசத் தரவிதி இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு எச், பயிற்சிக்கூடத்துக்கு எஸ் என்று அது பிரிக்கிறது. இரண்டாம் பாகம் எடைப் பயிற்சி இயந்திரங்களுக்கானது. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளிலும் கடலூரிலும் உள்ள சிறு பட்டறைகள் அந்தச் சான்றிதழுக்குச் செலவழிப்பது உடனே நடக்கிற காரியமல்ல. ஆனால் ஒரு தகரத் துண்டில் ஐந்து விவரம் எழுதிச் சட்டத்தில் ரிவெட் அடிக்கச் செலவில்லை: கையில் விழும் குறைந்தபட்ச எடை, அதிகபட்ச எடை, பத்து கிலோவில் ஏறும்போதும் இறங்கும்போதும் தராசு காட்டிய அளவு, கயிற்றின் தடிமன், கயிறு மாட்டிய மாதம். இதைச் செய்து தரும் பட்டறைகளை வாசகர்களே தேர்ந்தெடுக்கலாம். தராசு இல்லை என்று கடைக்காரர் சொன்னால், நீங்களே ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழில் அறிந்த வாசகர்கள்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.